விரிகதிர்

வெள்ளிக்கிழமை, கடைசி மணி நேரம்.
பாளையங்கோட்டையில் வெயில் மூன்றரைக்கும்
சுவரைவிட்டு இறங்குவதில்லை.
பி.காம், வரலாறு, தமிழ் என்று நாற்பத்தியொரு பேர்.
பொதுவிருப்பப் பாடம், இரண்டு கிரெடிட்,
கணக்கு கிடையாது என்ற வாக்குறுதியை நம்பி வந்தவர்கள்.
நான் மணிக்கணக்குச் சம்பளத்தை நம்பி வந்தவள்.

ஜன்னலுக்குத் திரை இல்லை.
பழைய சார்ட் பேப்பர் ஒட்டி இருட்டு செய்தோம்,
முக்கால்வாசி இருட்டு.
டவுணில் சாவிக்கொத்தோடு சேர்த்து வாங்கிய
முப்பது ரூபாய் லேசர்.
"ஒரு முடி வேணும்" என்றேன்.
ஜெபக்கனி யோசிக்காமல் பிடுங்கித் தந்தாள்:
"பேன் கிடையாது மிஸ், நம்பி வாங்குங்க."

கிளிப்பில் முடியை நிறுத்தி ஒளியை விட்டதும்
ஒரு புள்ளி விழவேண்டிய சுவரில்
வரிசையாகச் சிவப்பு, இடையிடையே கருப்பு,
நடுநடுவே ரப்பரால் அழித்த கோடு மாதிரி.
"ஒத்த முடி குறுக்க நின்னா
நெழலுதானல விழணும்?"
யாரோ யாரையோ கேட்டான்.
என்னைக் கேட்கவில்லை. ஆனால் அதுதான் கேள்வி.

ஒளியைத் துளித்துளியாக விட்டாலும், சொன்னேன்,
முந்தினது சுவரைத் தொட்ட பிறகே அடுத்தது என்றாலும்,
நாளாவட்டத்தில் இதே வரிகள்தான் சேரும்.
அந்த ஒற்றைத் துளி
முடிக்கு இந்தப் பக்கம் போனதா, அந்தப் பக்கமா?

இசக்கிராஜ் எழுந்தான்,
சாயங்காலம் வண்ணார்பேட்டை டயர் கடையில்
பில் எழுதுகிறவன்:
"சஸ்பென்ஸ் கணக்கு மிஸ்.
எந்தத் தலைப்புனு தெரியாத காச
அதுல போட்டு வைப்போம்.
பொறவு தெரிஞ்சதும் மாத்திக்கிடலாம்."
கைதட்டினார்கள். எனக்கும் தட்டத்தான் தோன்றியது.

ஆனால் இல்லை.
உன் காசை யாரோ ஒருத்தர் கட்டியிருக்கிறார், இசக்கி.
உனக்குத்தான் தெரியாது, காசுக்குத் தெரியும்.
இங்கே துளிக்கே தெரியாது.
தெரியாது என்பதும் சரியில்லை...
சொல்லிக்கொண்டே போய்
வார்த்தை தீர்ந்து நின்றேன்.
பலகையில் ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும்.
கணக்கு கிடையாது என்று சொல்லியாயிற்று.
மின்விசிறி மட்டும் டடக், டடக்.

கடைசி பெஞ்சில் எவனோ டிபன்பாக்ஸ் திறக்க
மத்தியானத்து எலுமிச்சை வாசம்.
"ஊறுகாய்" என்றாள் ஹிதாயா,
மேலப்பாளையம், தமிழ்த்துறை,
பருவம் முழுக்க வாய் திறக்காதவள்.
சிரிப்பு.
"இல்ல மிஸ். வினைத்தொகை.
ஊறுன காய், ஊறுற காய், ஊறப்போற காய்.
எந்தக் காலம்னு நமக்குத் தெரியாம இல்ல.
மூணும் அதுக்குள்ள இருக்கு.
விரிச்சு எழுதுனாத்தான் ஒண்ணு.
விரிச்சுட்டா அது வினைத்தொகையும் இல்ல."

அஞ்சு மார்க்குக்குப் படித்து
பரீட்சை அன்றே நான் தொலைத்தது.
"அப்ப இந்த வெளிச்சத்துக்கு?"
"விரிகதிர்" என்றாள், குனிந்தபடி.

முழுக்கப் பொருந்தாது.
இறந்தகாலமும் எதிர்காலமும் மோதி
ஒன்றையொன்று அழித்துக்கொள்ள
இலக்கணத்தில் வழியில்லை;
அந்தக் கருப்புப் பட்டைகள் அடுத்த வெள்ளிக்கு.
அதையும் சொன்னேன்.
இசக்கிராஜ் நோட்டில் சஸ்பென்ஸை அடித்தான்,
அடித்தது தெரியும்படி ஒற்றைக் கோடு,
மேலே புதுச்சொல்.

மணி. முக்கூடல் பஸ்ஸுக்கு ஓட்டம்.
"இது இன்டர்னல்ல வருமா மிஸ்?"
"வரும்."

அடுத்த பருவத்துக்கு யார் யார் என்ற பட்டியலை
அலுவலகத்தில் ஒட்டிவிட்டார்களாம்.
அதில் துளிகூட மர்மம் இல்லை.
மை காய்ந்துவிட்டது.
நான்தான் இன்னும் பார்க்கப் போகவில்லை.

முடி கிளிப்பிலேயே இருந்தது.
லேசரை இன்னொரு தரம் அழுத்தினேன்.
சார்ட் ஓரம் பிய்ந்து வெயில் புகுந்திருந்தது,
சுவரில் ஒன்றும் காணோம்.
கிட்டே போய்க் கையைக் குவித்து நிழல் செய்தேன்.
உள்ளங்கையில் சிவப்பு, கருப்பு,
சிவப்பு.